கைவேலைக்கு வீட்டில் எந்த இடம்: சாப்பாட்டு மேஜையா, படுக்கையறை மூலையா, அலமாரியா, பால்கனியா, மொட்டை மாடியா?

"ஆரி எம்பிராய்டரி கிளாஸ் முடிச்சிட்டேன், வீட்டுல ஸ்டாண்டை எங்க போடுறதுன்னே தெரியலை." "தஞ்சாவூர் ஓவியம் கத்துக்கிட்டு முதல் படத்தோட நிக்குது." "தையல் மெஷின் இருக்கு, ஆனா அது மேல மடிச்ச துணிதான் இருக்கு." இப்படிக் கேட்பவர்கள் எல்லோருக்கும் பிரச்சினை ஒன்றுதான். கை பழகிவிட்டது, சாமான் வாங்கியாகிவிட்டது, வீட்டில் உட்கார இடமும் நேரமும்தான் சேர்ந்து கிடைப்பதில்லை.

இரண்டு படுக்கையறை, 750 சதுர அடியிலிருந்து 900 சதுர அடிக்குள், நாலைந்து பேர் இருக்கும் வாடகை ஃப்ளாட், அதுவும் சென்னை மாதிரி வெயிலும் புழுக்கமும் உள்ள ஊர். இதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். சொந்த வீட்டில் ஒரு காலி அறை இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடம் எவ்வளவு பெரியது என்பதை எல்லோரும் முதல் கேள்வியாக வைக்கிறார்கள். அது மூன்றாவது, நாலாவது கேள்விதான். பாதி முடிந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக முடியுமா, திரும்பி வரும்போது அது அப்படியே இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

## எதை வைத்து அளப்பது

விட்டது விட்டபடி இருப்பதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், அதில்தான் நேரம் கரைகிறது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்று வையுங்கள். பெட்டியை இறக்கி, துணியை விரித்து, நூல் நிறம் தேடி எடுக்க 15 நிமிடம். முடிந்ததும் எல்லாவற்றையும் பொறுக்கி, டப்பா மூடி, துடைத்து எடுத்து வைக்க இன்னொரு 15 நிமிடம். கையில் மிஞ்சுவது 30 நிமிடம். வாரம் 5 நாள் உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரம். விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தால் அதே வாரத்தில் 5 மணி நேரம் ஆகிறது. யாரிடமும் கூடுதலாக நேரம் கேட்காமலேயே இரட்டிப்பு. "எனக்கு நேரமே இல்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் இல்லாதது ஒரு மூலை.

இரண்டாவது, உங்கள் கைவேலை எங்கே நிற்கும் என்பது. குரோஷாவை எந்த வரிசையிலும் நிறுத்தலாம், கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டிவிட்டுப் பையில் போட்டுவிடலாம். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகையில் சுண்ணப்பொடி பூசினால் அது காயும்வரை அசைக்கக் கூடாது. பிறகு தேய்த்து, கல் ஒட்டி, புடைப்புக்கு மக்கு என்ற பசைக்கலவை வைத்து என்று ஒவ்வொரு கட்டத்திலும் காத்திருப்பு உண்டு. ரெசின் என்ற இறுகும் பிசினை ஊற்றினால் கிட்டத்தட்ட ஒரு நாள் தூசி படாமல் சமமாகக் கிடக்க வேண்டும். ஆரியில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியைப் பாதியில் அவிழ்த்தால் பிடிமானம் போய்விடும். மறுபடி கட்டும்போது போட்ட தையல் சுருங்கி நிற்கும்.

மூன்றாவது, வெளிச்சமும் காற்றும். ஃபேன் இல்லாமல் சென்னையில் உட்கார முடியாது. ஃபேன் போட்டால் சுருட்டி ஒட்டும் குவில்லிங் காகிதம் பறக்கும், சமிக்கி நகரும், தங்கத் தாளை வெட்டவே முடியாது. இடத்தையும் நேரத்தையும் தனித்தனியாக முடிவு செய்ய முடியாமல் போவது இதனால்தான். ஃபேனை நிறுத்தக்கூடிய நேரம் எதுவோ அதைப் பொறுத்துத்தான் சில வேலைகளுக்கு இடமே அமையும்.

அப்புறம் தூசி, வாசனை, சத்தம், ஊசி. கடைசியாகக் கூப்பிடு தூரம்: குக்கர் விசில் காதில் விழுமா, குழந்தை கூப்பிட்டால் கேட்குமா, அல்லது நேர்மாறாக, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்களா.

## சாப்பாட்டு மேஜை

எல்லோரும் தொடங்குவது இங்கேதான், செலவே இல்லை. மேஜை பெரிது, உயரம் சரியாக இருக்கும், ஹாலில் வெளிச்சமும் இருக்கும். வீட்டில் நடப்பதெல்லாம் கண்ணில் படும்.

ஆனால் ஒரு நாளைக்கு மூன்று வேளை காலி செய்ய வேண்டும். "அந்த டப்பாவை எல்லாம் எடுத்து வைம்மா, தட்டு போடணும்" என்ற குரல் கேட்டதும் வேலை எந்த நிலையில் இருந்தாலும் மூட்டை கட்டியாக வேண்டும். மேலே போட்ட கணக்கில் அந்த 30 நிமிடத்தை விழுங்கும் இடம் இதுதான். வெளியே தெரியாத செலவுகளும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பட்டு ரவிக்கைத் துணியில் பட்டால் அந்த ஆர்டரின் லாபம் போனது. சாப்பிடும் இடத்தில் பெயின்ட், ரெசின், உடைந்த ஊசி முனை இருக்கவே கூடாது, இதில் சமாதானத்துக்கு இடமில்லை. வார்னிஷ் போட்ட மேஜையில் பசை சூடாக விழுந்தால் வெள்ளைத் தடம் நிற்கும்.

ஆரிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். ஆரி ஊசி மேலிருந்து துணிக்குள் இறங்க, நூலை ஊசியின் கொக்கியில் கொடுக்கும் கை துணிக்கு அடியில் இருக்கிறது. சட்டத்துக்குக் கீழே கை நுழைந்து அசைய இடம் வேண்டும். மேஜைமேல் சட்டத்தைப் படுக்க வைத்தால் அடியில் கை போகாது. சட்டத்தின் ஒரு பாதியை மேஜை விளிம்புக்கு வெளியே நீட்டி, மறுபாதியில் பாரம் வைத்துச் சிலர் சமாளிக்கிறார்கள். ஒரு கைக்குட்டை அளவு மாதிரிக்கு அது சரி, முழு முதுகுப் பக்க டிசைனுக்கு நடக்காது. கையை உயர்த்தி, தோளைத் தூக்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

சாப்பாட்டு மேஜை யாருக்கு நல்லது? இப்போதுதான் கற்றுக்கொள்பவர்களுக்கு, எந்தக் கைவேலையில் நிலைப்போம் என்று இன்னும் தெரியாதவர்களுக்கு. ஒரே அமர்வில் முடியும் வேலைகளுக்கு: சில்க் த்ரெட் வளையல், வாழ்த்து அட்டை, குழந்தைகளோடு சேர்ந்து செய்யும் எதுவும். துணி வெட்டவும் நல்ல இடம். தைக்கிற இடமும் வெட்டுகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, சுடிதார் துணி இரண்டரை மீட்டரையும் விரித்து வெட்ட இந்த மேஜையோ ஹால் தரையோ போதும். அதற்கு அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

## படுக்கையறை மூலை

மூன்றடிக்கு நாலடி. அவ்வளவுதான் கேட்கிறது. ஒரு தையல் மெஷினோ, ஆரி ஸ்டாண்டோ, சின்ன மேஜையோ, கூடவே ஒரு ஸ்டூலோ அதில் அடங்கிவிடும். இதற்கு எங்கே போவது என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 750 சதுர அடி வீட்டுக்கு 15,000 ரூபாய் வாடகை என்றால் சதுர அடிக்கு 20 ரூபாய். இந்த 12 சதுர அடிக்கு மாதம் 240 ரூபாய். யாரும் ஏறாத உடற்பயிற்சி சைக்கிளும், திறக்கப்படாத அட்டைப்பெட்டிகளும் அதே வாடகையில்தான் நிற்கின்றன. மூலை இல்லாத வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை, ஏற்கெனவே வேறு எதற்கோ கொடுத்துவிட்ட மூலைகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

இங்கே பெரிய லாபம், வேலை கலையாது. சட்டத்தின்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு எழுந்து போகலாம். பால் பொங்குகிற ஐந்து நிமிட இடைவெளியில்கூட வந்து டிசைனில் ஒரு இலை தைத்துவிட்டுப் போகலாம்.

வெளிச்சத்தைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். அறை நடுவில் டியூப்லைட், நீங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் உங்கள் தலை நிழல் வேலைமேல் விழும். வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கமிருந்து வெளிச்சம் வர வேண்டும். ஜன்னல் இடப்பக்கம் அமைகிற மாதிரி மேஜையைத் திருப்புங்கள், இல்லையென்றால் கிளிப் மாட்டும் எல்இடி விளக்கு ஒன்று இடப்பக்கம். மேஜை வாங்குவதைவிட விளக்கு வாங்குவது முக்கியம் என்பேன்.

இந்த மூலையின் மறைமுகச் செலவு தூக்கம். ஒருவர் ஒன்பதரைக்குப் படுத்துவிட்டால் விளக்கும் மெஷின் சத்தமும் நின்றாக வேண்டும். தரை அதிர்வு கீழ்வீட்டுக்குக் கேட்கும், மெஷின் காலுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டால் ஓரளவு குறையும். தவழ்கிற குழந்தை இருக்கும் அறையில் ஊசியை எண்ணி எடுத்து எண்ணி வைக்கும் பழக்கம் கட்டாயம். எழுந்திருக்கும் முன் ஒரு காந்தத்தைத் தரையில் தேய்த்து எடுத்தால் குண்டூசியும் ஒடிந்த முனையும் ஒட்டிக்கொண்டு வரும். உப்புக் காகிதம் வைத்துப் பலகை தேய்ப்பதும், ரெசினும், டர்பன்டைனும் படுக்கிற அறையில் வேண்டவே வேண்டாம். அந்தத் தூசியும் வாசனையும் மெத்தையில் இறங்கிவிடும்.

தையல், ஆரி, எம்பிராய்டரி, வாட்டர்கலர், நகை கோர்ப்பு. இவற்றுக்கெல்லாம் என் முதல் பரிந்துரை இந்த மூலைதான். ஆர்டர் எடுப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

## கதவு போட்ட அலமாரி

மூலைகூட உண்மையிலேயே இல்லை, அல்லது ஹாலில்தான் இடம், வந்தவர் கண்ணில் படக் கூடாது என்றால் இது. ஒரு அலமாரியில் இடுப்பு உயரத் தட்டை மடக்குப் பலகையாக மாற்றிவிட்டால், திறந்தால் மேஜை, மூடினால் அலமாரி. தச்சரிடம் சொன்னால் கீல் வைத்து ஒரு நாளில் செய்து தருவார். வாடகை வீட்டில் சுவர் அலமாரியைத் தொட முடியாது என்றால் தனியாக நிற்கும் அலமாரியில் செய்துகொள்ளலாம், வீடு மாறும்போது கூடவே வரும்.

இதை நடத்த ஒரு வழி இருக்கிறது: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தட்டு. பெரிய தாம்பாளமோ எவர்சில்வர் தட்டோ எடுத்து, அதில் பழைய டர்க்கி டவல் துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள். டவலின் நூல் வளையங்களில் பாசிமணி உருளாமல் நிற்கும், ஊசியால் குத்தி எடுக்கவும் வசதி. பாதிக் கோர்த்த மாலை, அதற்கான மணி, கம்பி, இடுக்கி எல்லாம் அந்தத் தட்டிலேயே. தட்டோடு எடுத்து தட்டோடு உள்ளே. விரிப்பதும் மூடுவதும் ஒரு நிமிட வேலை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் செய்கிறீர்கள் என்றாலும் இந்தத் தட்டு முறையைப் பிடித்துக்கொண்டால் அதன் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

குறை என்னவென்றால், தட்டில் அடங்காத எதற்கும் இது ஆகாது. மடக்குப் பலகை பாரம் தாங்காது, அதன்மேல் மெஷின் வைக்கக் கூடாது. மூடிய அலமாரியில் மழைக்காலத்தில் ஈரம் கோக்கும். ஜரி கறுக்கும், காகிதத்தில் ராமபாணப் பூச்சி வரும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைக்க வேண்டும், ஜரிச் சுருளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். மாதம் ஒரு தரம் திறந்து காற்றாட விட வேண்டும்.

நகை செய்பவர்கள், குவில்லிங், பொம்மை அலங்காரம், கையெழுத்துக் கலை. சின்ன சாமான், நிறைய டப்பா என்றால் மூலையைவிட இதுதான் மேல்.

## பால்கனி

பார்க்கும்போது மனம் போவது இங்கேதான். இயற்கை வெளிச்சம், காற்று, வாசனை தங்காது, தரை கழுவிவிடலாம். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போடுவதற்கும், மெரூன் பட்டுக்குச் சரியான நூல் தேர்ந்தெடுப்பதற்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. மஞ்சள் விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறமும் பகல் வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரியும்.

ஆனால் வருடம் முழுக்கக் கணக்குப் போட்டால் பால்கனி கொடுக்கும் நாட்கள் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் பதினோரு மணிக்கு மேல் உட்கார முடியாது. மேற்குப் பார்த்த பால்கனி என்றால் மாலையும் போச்சு. வெயில் நேராகப் பட்டால் களிமண் நகை ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும், அதை நிழலில் மெதுவாகக் காயவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, சாரல் உள்ளே வரும். நவராத்திரி, தீபாவளி என்று கைவேலைக்கு ஆர்டர் குவிகிற மாதங்களும் அவைதான். வேலை அதிகமாக இருக்கும்போது இடம் கைவிடுகிறது. இதை யோசிக்காமல் பால்கனியில் அலமாரி அடித்துவிட்டுப் பிறகு எல்லாவற்றையும் ஹாலுக்குள் இழுத்து வருபவர்கள் நிறைய.

புறாவை மறக்கக் கூடாது. வலை போடாத பால்கனியில் எதையும் விட்டுவிட்டுப் போக முடியாது. வாஷிங் மெஷினும் துணிக்கொடியும் அங்கேயேதான் இருக்கும், ஈரத்துணி சொட்டும் இடத்தில் காகிதம் வைக்க முடியாது. அதனால் "விட்டது விட்டபடி" என்ற முதல் அளவுகோலிலேயே பால்கனி தோற்றுவிடுகிறது.

தூசியும் வாசனையும் உள்ள ஒரு கட்டத்துக்கு மட்டும் பால்கனியை வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் பலகை தேய்ப்பது, ஸ்ப்ரே பெயின்ட், வார்னிஷ், ரெசின் கலப்பது. ரெசினுக்குக் கையுறையும் முகமூடியும் வேண்டும், திறந்தவெளி என்பதால் விட்டுவிடக் கூடாது. முகமூடி ரசாயன வாசனையைத் தடுக்கும் வகையாக இருக்க வேண்டும், சாதாரணத் துணி முகமூடி தூசியைத்தான் ஓரளவு தடுக்கும். மற்ற கட்டங்களுக்கு உள்ளே வந்துவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் காலை வேளைகளில் பால்கனியைப் போல இடம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

## மொட்டை மாடி அறை

தனி வீட்டில் இருப்பவர்களுக்கும், மாடி அறையோடு வாடகைக்கு எடுத்தவர்களுக்கும் மட்டும். அடுக்குமாடிகளில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, சங்கத்தில் கேட்காமல் எதையும் வைக்க முடியாது.

பெரிய வேலைக்கு இதுதான் இடம். நாலடிப் பலகை, மரவேலை, டெரகோட்டா. காய்ந்த களிமண் நகையை உமியும் வறட்டியும் போட்டுச் சுடும்போது வரும் புகைக்கு வேறு இடமே கிடையாது, அதற்கும் பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயாத நேரம் பார்த்துத்தான் மூட்ட வேண்டும்.

வெயில் நேராக இறங்கும் கான்கிரீட் கூரை பகல் முழுக்கச் சூட்டை வாங்கி ராத்திரி வரை கீழே இறக்கும். ஆபீஸ் விட்டு வந்து ஏழு மணிக்கு ஏறினாலும் அறை தகிக்கும். பசை, பெயின்ட் எல்லாம் டப்பாவிலேயே கெட்டியாகும். தண்ணீர், கழிவறை, மொபைல் சார்ஜர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் இறங்கி ஏற வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் கூப்பிடு தூரம். கீழே அடுப்பைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருந்தால் மட்டுமே இந்த அறை உங்களுடையது. இல்லையென்றால் பூட்டியே கிடக்கும். ஓய்வு பெற்றவர்களுக்கும், வீட்டு வேலையை உண்மையாகவே பங்கு போட்டுக்கொண்டவர்களுக்கும் அருமையான இடம். தனியாகச் சமையலும் குழந்தையும் பார்க்கிறவருக்கு, இருந்தும் பயனில்லாத இடம்.

## எந்த நேரம்

இடத்தைப் பற்றி இவ்வளவு எழுதியும், நேரம் யாருடையது என்று கேட்காமல் முடிக்க முடியாது. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு. "சீக்கிரம் எந்திரிச்சா நேரம் கிடைக்கும்" என்று ஒரு பெண்ணிடம் அறிவுரை சொல்வதற்கு முன்னால் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில வீடுகளில் கைவேலைக்கு நேரம் ஒதுக்குவது என்றால், ராத்திரிப் பாத்திரத்தை வேறொருவர் கழுவுவது என்றுதான் அர்த்தம்.

விடியற்காலையில் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஃபேனை நிறுத்தினாலும் தாங்கும், அதனால் தங்கத் தாள், காகிதம், சமிக்கி ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல வேளை இல்லை. ஆனால் ஆறு மணிக்கு முன் விளக்கு வெளிச்சம்தான், நிறம் தேர்வு செய்யாதீர்கள். மெஷினும் போட முடியாது. ராத்திரி பத்துக்குள் படுக்க முடியாத வீட்டில் இது தூக்கத்திலிருந்து எடுக்கும் நேரம், சில வாரத்தில் உடம்பு அதைத் திருப்பிக் கேட்டுவிடும்.

மதியம் பிள்ளைகள் பள்ளியில். பகல் வெளிச்சம், மெஷின் சத்தத்துக்கும் தடையில்லை. கைவேலைக்கு என்றே அமைந்த மாதிரி இருக்கும், ஆனால் வீட்டில் இருப்பவர் சும்மா இருக்கிறார் என்று எல்லோரும் நினைக்கும் நேரமும் இதுதான். கேஸ் சிலிண்டர், கூரியர், பக்கத்து வீட்டுச் சாவி, போன். "பதினொன்றிலிருந்து ஒன்று வரை வேலை" என்று வாய்விட்டுச் சொல்லி, போனை வேறு அறையில் வைத்தால்தான் நிற்கும். மோட்டார் மெஷின்காரர்கள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை என்று அறிவித்தால் உங்கள் நேரம் முழுக்கப் போய்விடும். அன்றைக்கு வெட்டுகிற வேலை, ஹெம்மிங், கொக்கி வைப்பது.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கிடைக்கும் நேரத்தை நம்பி நுணுக்கமான வேலை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கண் களைத்திருக்கும், போட்டதைக் காலையில் பிரிக்க வேண்டி வரும். துணியை மட்டும் ராத்திரி வெட்டவே வெட்டாதீர்கள், அதைத் திரும்ப ஒட்ட முடியாது. பாபினில் நூல் சுற்றுவது, மணி பிரிப்பது, டிசைனை டிரேஸ் எடுப்பது, குரோஷாவில் நேர் வரிசைகள் பின்னுவது, இவற்றை ராத்திரிக்கு ஒதுக்கினால் பகல் நேரம் முழுக்க அசல் வேலைக்குக் கிடைக்கும்.

ஞாயிறு மூன்று நாலு மணி நேரம் ஒன்றாகக் கிடைக்கும். பலகை தயார் செய்வது, துணி வெட்டுவது, ரெசின் போன்ற நீள வேலைக்கு நல்லது. ஆனால் கறிக்குழம்பும் விருந்தாளியும் கல்யாணமும் ஞாயிற்றுக்கிழமைதான். ஒரு ஞாயிறு தவறினால் இரண்டு வார இடைவெளி, கை மறந்துவிடும். ஞாயிற்றை மட்டும் நம்பாமல், வாரநாளில் தினமும் அரை மணி நேரத்தையும் வைத்துக்கொள்வது நல்லது.

## ஒரே பார்வையில்

| இடம் | விட்டது விட்டபடி கிடக்குமா | பொருந்தும் நேரம் | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| சாப்பாட்டு மேஜை | கிடக்காது | மதியம் | விரிக்க, மூட அரை மணி. எண்ணெய்க் கறை | புதிதாகக் கற்பவர், குழந்தைகள், துணி வெட்ட |
| படுக்கையறை மூலை | கிடக்கும் | மதியம், விடியற்காலை | மற்றவர் தூக்கம், ஊசி பயம் | தையல், ஆரி, ஆர்டர் எடுப்பவர் |
| அலமாரி | தட்டில் அடங்கினால் | எந்த நேரமும் | ஈரம், பூச்சி, தச்சுக்கூலி | நகை, குவில்லிங் |
| பால்கனி | கிடக்காது | ஜனவரி, பிப்ரவரி காலை | மழை, வெயில், புறா | தேய்ப்பு, வார்னிஷ், ரெசின் |
| மாடி அறை | கிடக்கும் | காலை | சூடு, ஏறி இறங்குவது, தனிமை | பெரிய ஓவியம், மரவேலை, டெரகோட்டா |

## உங்கள் நிலைமைக்கு எது

சின்னக் குழந்தை இருக்கிறது, தொடர்ந்து அரை மணி நேரம்கூடக் கிடைக்காது: அலமாரியும் தட்டும். ஊசி, கத்தி, பசைத் துப்பாக்கி பூட்டுக்குள் இருக்கும், பத்து நிமிடம் கிடைத்தாலும் வேலை நடக்கும். ஆரி, ரெசின் இரண்டையும் குழந்தை பள்ளி போகும்வரை தள்ளிப்போடலாம்.

ஆர்டர் எடுத்து மாதம் ஒரு தொகை பார்க்க வேண்டும் என்றால் படுக்கையறை மூலையைத் தவிர வேறு எதிலும் இறங்காதீர்கள். கல்யாண முகூர்த்த மாதங்களில் நாலு ரவிக்கை ஒரே வாரத்தில் கேட்பார்கள், தினமும் சட்டத்தை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு அதைக் கொடுக்க முடியாது. வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசி, மதியம் இரண்டு மணி நேரத்தை வேலை நேரம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு முதல் ஆர்டரை வாங்குங்கள்.

தஞ்சாவூர் ஓவியம் என்றால் ஒரே இடத்தில் முடிக்க நினைக்க வேண்டாம். தேய்ப்பது ஞாயிறு காலை பால்கனியில். கல்லும் மக்கும் தங்கத் தாளும் மூலை மேஜையில், விடியற்காலையில், ஃபேன் இல்லாமல். வண்ணம் பகலில் ஜன்னல் பக்கம். காய்கிற பலகையை வைக்க மட்டும் ஒரு நிலையான இடம் வேண்டும், பீரோ மேல்தட்டு போதும், அதன்மேல் வேறு எதையும் போடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

வயதானவர்கள் தரையில் பாய் போட்டு உட்காருவதையே விரும்பினால் அதைத் தடுக்க வேண்டாம், ஆனால் குனிந்து செய்யாமல் இருக்க ஒரு தாழ்ந்த சாய்வு மேஜை வாங்கித் தாருங்கள். அந்தக் காலத்து மளிகைக் கடைகளில் கணக்கு எழுத இருக்குமே, அந்த மாதிரி. முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றால் உடனே நாற்காலிக்கு மாறிவிட வேண்டும்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், எதையும் வாங்காமல் ஒரு மாதம் சாப்பாட்டு மேஜையிலேயே தட்டு முறையில் செய்து பாருங்கள். எந்தக் கட்டத்தில் "இதை இப்படியே விட்டுவிட்டுப் போக முடிந்தால் நன்றாக இருக்கும்" என்று அடிக்கடி தோன்றுகிறதோ, அந்தக் கட்டத்துக்கு மட்டும் முதலில் இடம் தேடுங்கள். மற்றவை மேஜையிலேயே நடக்கட்டும்.